2.2 டன் லேத்தை இழுக்க எவ்வளவு விசை வேண்டும்? ரோலர், புல் லிஃப்ட், சாய்தளம்

#1 பட்டறைவாசி

வணக்கம். எட்டடி பெட் (நீள அடிச்சட்டம்) உள்ள லேத் (கடைசல் இயந்திரம்) ஒன்றை இடம் மாற்றணும். எடை 2.2 டன். சிமென்ட் தளத்தில் வாசல் வரை 14 மீட்டர், நடுவில் ஒரு 90 டிகிரி திருப்பம். வாசலைத் தாண்டினால் சாய்தளம்: 5 மீட்டர் நீளம், 600 மிமீ இறக்கம். அதற்குக் கீழே ரோட்டில் ஹைட்ரா (ஓட்டிச் செல்லும் கிரேன்) நிற்கும், லாரியில் தூக்கி வைக்கிற வேலை அதோடது. ஷெட் உயரம் 11 அடிதான், அதனால் ஹைட்ரா உள்ளே வராது.

கையில் இருப்பது 1.5 டன் புல் லிஃப்ட் (கைப்பிடியால் சங்கிலியை இழுக்கும் கருவி) ஒன்று, 2 இஞ்ச் ஜிஐ பைப் துண்டுகள், கடப்பாரைகள், நாலு பேர். 2.2 டன் மெஷினை 1.5 டன் புல் லிஃப்ட் இழுக்குமா, இல்லை 3 டன் வாடகைக்கு எடுக்கணுமா? தரையில் சோப்புத் தண்ணி ஊத்தினால் லேசாக நகரும் என்கிறார்கள், சரியா?

#2 நியூட்டன்மீட்டர்

இழுக்கும். தூக்குறதுக்குத்தான் முழு எடைக்கும் ஈடு கொடுக்கணும். கிடைமட்டமா இழுக்கும்போது உராய்வுக்கு மட்டும் ஈடு கொடுத்தால் போதும்.

உராய்வு விசை = உராய்வு குணகம் × தரையை அழுத்தும் எடை. காய்ந்த சிமென்ட் தளத்தில் வார்ப்பிரும்புக் கால் நிற்கும்போது ஓய்வுநிலை குணகம் 0.3-லிருந்து 0.6 வரை எங்கே வேண்டுமானாலும் இருக்கும். 0.45 என்று வைத்துக்கொண்டால் 2200 × 0.45 = 990 கிலோ. நகர ஆரம்பித்த பிறகு 0.35 வாக்கில் இறங்கி 770 கிலோ ஆகும். ஆக, வெறும் தரையிலேயே தரதரன்னு இழுத்தாலும் 1.5 டன் புல் லிஃப்டுக்குள் அடங்கும்.

(விசையைக் கிலோவில் சொல்லக்கூடாது, நியூட்டனில் சொல்லணும் என்று யாராவது வருவதற்கு முன்: 10-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். புல் லிஃப்ட் மேல் அச்சடித்திருப்பது டன் கணக்கு, அதனால் நான் கிலோவிலேயே எழுதுகிறேன்.)

ஆனால் அப்படி இழுக்கக்கூடாது. காரணத்தை அடுத்தவர்கள் சொல்வார்கள்.

#3 ரிக்கிங் அண்ணாச்சி

இழுக்குறதைப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. லேத் தரையை விட்டு வருமான்னு முதல்ல பாருங்க. ஃபவுண்டேஷன் போல்ட் நட்டைக் கழட்டியாச்சா? க்ரௌட் (காலுக்கு அடியில ஊத்துற சிமென்ட் கலவை) போட்டிருக்கா? போல்டைக் கழட்டின பிறகும் காலுக்கு அடியில கூலன்டும் எண்ணெயும் துருவும் சேர்ந்து இறுகிப்போய் பிடிச்சிருக்கும். அந்தப் பிடிப்பு நியூட்டன்மீட்டர் சாரோட 0.45-க்குள்ள வராது. 990-ன்னு நினைச்சு இழுத்தா 1500 போனாலும் அசையாது. அசையறப்போ படக்குன்னு வரும்.

அதனால இழுத்துப் பிரிக்காதீங்க, தூக்கிப் பிரிங்க. ஹெட்ஸ்டாக் (ஸ்பிண்டிலும் கியரும் இருக்குற தலைப்பகுதி) பக்கம் எடை அதிகம். மொத்தத்துல 60 சதவீதம் அங்கேன்னா 1320 கிலோ, ஒரு மூலைக்கு 660. அஞ்சடி கடப்பாரையை எடுத்து, நுனியிலிருந்து 75 மிமீ தள்ளி முட்டுக் கொடுத்தா 19-க்கு 1 நெம்பு கிடைக்கும். 40 கிலோ அழுத்தினா நுனியில 760. ஒரு மூலை எழும்பிடும். 5 மிமீ எழும்பினதும் இரும்புத் தகடு ஆப்பு, அடுத்த மூலை, மறுபடி முதல் மூலை, இப்படி மாத்தி மாத்தி. முட்டுக்கு செங்கல் வைக்கவே கூடாது, நொறுங்கிடும். தடிமனான தகடு வைங்க.

பாட்டில் ஜாக்கியை நம்பாதீங்க. அதோட குறைஞ்சபட்ச உயரமே காலுக்கு அடியில போகாது. டோ ஜாக்கி (தரையோட ஒட்டின நாக்கால தூக்குறது) கிடைச்சா நல்லது. எதை வெச்சாலும் பெட் அடியில நேரா இரும்பை வெச்சுத் தூக்காதீங்க. வார்ப்பிரும்பு, ஒரு புள்ளியில பாரம் ஏறினா விரிசல் விட்டுரும். நடுவுல மரக்கட்டை கட்டாயம்.

#4 கியர்பாக்ஸ்

அண்ணாச்சி சொன்னதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கேரேஜையும் (டூலைத் தாங்கி பெட் மேல ஓடுறது) டெயில்ஸ்டாக்கையும் (ஹெட்ஸ்டாக்குக்கு எதிர்முனைத் தாங்கி) கடைசிக் கோடிக்கு ஓட்டி லாக் பண்ணுங்க. எடை கொஞ்சம் சமமாகும். சக்-ஐ (வேலைப்பொருளைப் பிடிக்கிற வாய்) கழட்டிருங்க. கூலன்ட் டேங்க், சிப் டிரே எல்லாம் வெளியே. லீட் ஸ்க்ரூ, ஃபீட் ராடு, ஸ்பிண்டில் இதுல எதுலயும் சிலிங் (தூக்க, இழுக்க மாட்டுற பட்டை அல்லது கயிறு) மாட்டக்கூடாது. லீட் ஸ்க்ரூ ஒருவாட்டி வளைஞ்சா அந்த லேத்தில் அப்புறம் மரையோட பிட்ச் (இடைவெளி) சரியா வராது.

#5 சிபி_மெக்

சோப்புத் தண்ணி கேள்விக்கு யாரும் பதில் சொல்லலையே. எகிப்தில் சிலையை இழுக்கும்போது முன்னால் ஒருவர் தண்ணீர் ஊற்றுவது போல ஜெஹுதிஹோதெப் கல்லறையில் ஓவியம் இருக்கு. 2014-ல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் சோதித்துப் பார்த்து, மணலை அளவாக நனைத்தால் இழுவிசை பாதியாகக் குறையும் என்று காட்டினார்கள். அது இங்கே ஒத்துவராதா?

#6 நியூட்டன்மீட்டர்

ஒத்துவராது. காய்ந்த மணலில் சறுக்குக்கட்டையின் முன்னால் மணல் குவிந்துகொண்டே போகும், அதைத் தள்ளத்தான் பாதி விசை போகிறது. அளவாக நனைத்தால் மணல் இறுகி அந்தக் குவியல் வராது. அதிகம் நனைத்தால் மறுபடி மோசமாகும். சிமென்ட் தளத்தில் குவிய என்ன இருக்கிறது?

இங்கே சோப்பு வேறொரு வேலையைச் செய்யும்: உங்கள் ஆட்களின் காலை வழுக்கும். ஒரு ஆள் கயிற்றை இழுக்க முடிவது அவர் செருப்புக்கும் தரைக்கும் உள்ள உராய்வு வரைதான். 60 கிலோ ஆள், குணகம் 0.5 என்றால் 30 கிலோ. தரை ஈரமாகி 0.2 ஆனால் 12 கிலோ. மெஷினுக்கு அடியில் குறைப்பதை விட இழுப்பவர் காலடியில் அதிகம் குறைத்துவிடுவீர்கள்.

30 கிலோ வீதம் பார்த்தால் வெறும் தரையில் இந்த லேத்துக்கு 33 பேர் வேண்டும். அடியில் பைப்பை ரோலராகப் போட்டால் 3 பேர்.

#7 பட்டறைவாசி

அந்த 3 பேர் கணக்கு எப்படி? பைப் எத்தனை, என்ன நீளம், எப்படி வைக்கணும்னு விவரமா சொன்னா நல்லா இருக்கும். லேத்துக்கு ரெண்டு தனித்தனிக் கால், நடுவுல காலி. ரோலர் நடுவுல வர்றப்போ எது மேல உட்காரும்?

#8 ரிக்கிங் அண்ணாச்சி

சரியான கேள்வி. ரெண்டு காலையும் சேர்த்து அடியில ஒரு சட்டம் வேணும். அது இல்லாம ரோலர்ல ஏத்தினா கால் ரோலரை விட்டு இறங்கி மூக்கைத் தரையில குத்தும்.

ஐஎஸ்எம்சி 100 சேனல் (100 மிமீ உயரம், 'ப' வடிவ இரும்பு), 2.7 மீட்டர்ல ரெண்டு. எடை ரெண்டும் சேர்ந்து 52 கிலோ பக்கம் வரும். சேனலை நிமிர்த்தி வெச்சா மேல் ஃபிளேஞ்ச்ல (கிடையா நீட்டிக்கிட்டு இருக்குற விளிம்பு) கால் உட்காரும், கீழ் ஃபிளேஞ்ச் ரோலர் மேல ஓடும். ஃபவுண்டேஷன் போல்ட் ஓட்டையிலேயே 16 மிமீ போல்ட் போட்டு சேனலோட இறுக்கிருங்க. ரெண்டு சேனலையும் முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு ஆங்கிள் வெச்சு வெல்ட் பண்ணுங்க. இழுக்குற ஷாக்கிளுக்கு (சிலிங் மாட்டுற யு வடிவ வளையம்) ஓட்டை முன் ஆங்கிள்ல போடாதீங்க, சேனல்லயே போடுங்க. கீழ் ஃபிளேஞ்சோட ரெண்டு முனையையும் வெட்டி, மேல்நோக்கி வளைச்சு விடணும். இதைப் பலபேர் செய்யறதில்ல. முனை நேரா இருந்தா புது ரோலர் உள்ள ஏறாது, சேனல் அதைத் தள்ளிக்கிட்டே போகும்.

பைப் விஷயம். 2 இஞ்ச் ஜிஐ-ன்னா வெளிவிட்டம் 60.3 மிமீ. சி கிளாஸ் எடுங்க, சிவப்புப் பட்டை போட்டது. ஏ கிளாஸ் மஞ்சள் பட்டை, சுவர் மெல்லிசு, பாரத்துல முட்டை மாதிரி ஆகிரும், அப்புறம் உருளாது. எல்லாப் பைப்பும் ஒரே விட்டம் இருக்கணும். ஒண்ணு ரெண்டு மிமீ பெருசா இருந்தா பாரம் முழுக்க அது மேல போய் மத்தது சும்மா கிடக்கும்.

சேனல் ரெண்டும் 500 மிமீ இடைவெளின்னா பைப் நீளம் 850-900. ரெண்டு பக்கமும் 150-க்கு மேல நீட்டிக்கிட்டு இருக்கணும், திருப்ப சுத்தியலால தட்டறதுக்கு. 450 மிமீ-க்கு ஒண்ணு. 8 பைப் வெச்சுக்குங்க: ஆறு அடியில, ரெண்டு முன்னால போடத் தயாரா கையில.

#9 நியூட்டன்மீட்டர்

கணக்கு: உருளும் உராய்வு விசை = எடை × (மேல் தொடுகையின் நெம்புகை + கீழ் தொடுகையின் நெம்புகை) ÷ ரோலர் விட்டம். (நெம்புகை என்பது தொடும் இடம் லேசாக அமுங்குவதால் வரும் சிறு நீளம்.) விட்டம் இரண்டு மடங்கானால் விசை பாதி. நல்ல தளத்தில் 60 மிமீ பைப்புக்கு எடையில் 3 சதவீதம் போட்டால் நியாயமாக இருக்கும். சட்டத்தோடு 2260 கிலோ என்றால் 68 கிலோ. கிளப்புவதற்கு இரண்டு மடங்கு வைத்துக்கொள்ளுங்கள். தளம் பொரிந்து கிடந்தால் 5 சதவீதத்தையும் தாண்டும்.

விட்டம் கூட்டினால் லேசு என்று 4 இஞ்ச் பைப்புக்குப் போக வேண்டாம். உயரமும் கூடும். லேத்தின் எடை மையம் தரையிலிருந்து சுமார் 700 மிமீ என்று வைத்தால், சேனல் 100, பைப் 60 சேர்த்து 860. கால் அகலம் 500, பாதி 250. பக்கவாட்டில் 16 டிகிரி சாய்ந்தால் கவிழும். ஒரு பக்கத்துச் சேனல் ரோலரை விட்டுத் தரையில் விழுந்தாலே 7 டிகிரி போய்விட்டது.

இன்னொன்று. ரோலர் ஒரு மீட்டர் நகர்ந்தால் பாரம் இரண்டு மீட்டர் நகரும். அதனால்தான் பைப் பின்னால் வெளியே வந்துகொண்டே இருக்கிறது. 60.3 மிமீ பைப் ஒரு முழுச் சுற்று சுற்றினால் தரையில் 189 மிமீ, பாரம் 379 மிமீ. முன்னால் பைப் வைக்கிற ஆள் இந்த வேகத்துக்குத் தயாராக இருக்கணும்.

#10 ஸ்கேட்_வாடகை

எதுக்கு இவ்வளவு பாடு? நைலான் சக்கர ஸ்கேட் (மெஷினுக்கு அடியில வைக்கிற குட்டி வண்டி) நாலு வாடகைக்கு எடுத்தா ஒரே மூச்சுல போயிரும். பைப்பைப் பொறுக்கி முன்னால வைக்கிற வேலையே கிடையாது.

#11 ரிக்கிங் அண்ணாச்சி

தளம் கண்ணாடி மாதிரி இருந்தா ஸ்கேட் ராஜா. ரெண்டு எச்சரிக்கை. நாலு ஸ்கேட் போட்டா எடை நாலா பிரியாது. தளம் மேடு பள்ளம், மூணு மேலதான் நிக்கும். 2.2 டன்னுக்கு ஒவ்வொண்ணும் 1 டன் தாங்கறதா இருக்கட்டும்.

ரெண்டாவது, தளத்துல எக்ஸ்பேன்ஷன் ஜாயின்ட் (சிமென்ட் விரிய விட்ட இடைவெளி) இருக்கா, கேபிள் பள்ளம் இருக்கா? சின்னச் சக்கரம் படி ஏறாது.

#12 நியூட்டன்மீட்டர்

அண்ணாச்சி சொன்ன படிக்கு எண் தருகிறேன். 80 மிமீ விட்டச் சக்கரம், 5 மிமீ விளிம்பு. ஆரம் 40, அதில் 5 போக 35. 40-இன் வர்க்கத்தில் 35-இன் வர்க்கத்தைக் கழித்து வர்க்கமூலம் எடுத்தால் 19.4. அதை 35-ஆல் வகுத்தால் 0.55. அந்தச் சக்கரத்தின் மேல் உள்ள எடையில் 55 சதவீதம் கிடைமட்டமாக இழுத்தால்தான் ஏறும். முன் சக்கர வரிசை இரண்டும் ஒரே நேரத்தில் விளிம்பில் முட்டி, அவற்றின் மேல் பாதி எடை இருந்தால் 1100 × 0.55 = 605 கிலோ. ஒரு நொடி முன்னால் 68 கிலோவில் ஓடிக்கொண்டிருந்த பாரம்!

ஜாயின்ட் மேல் 6 மிமீ இரும்புத் தகடு போட்டு, தகட்டின் முனையைச் சரிவாகக் கிரைண்ட் பண்ணுங்கள். சரிவு பண்ணாத தகடே 6 மிமீ படிதான்.

#13 கியர்பாக்ஸ்

கயிறு பத்தி ஒரு வார்த்தை. நைலான் கயிறு வேண்டாம். பலம் போதாதுன்னு இல்லை, நீளும். அதுதான் பிரச்சனை.

#14 நியூட்டன்மீட்டர்

ஆமாம், இதுதான் நான் #2-ல் பாதியில் விட்டது. கிளப்ப 990, நகர்ந்தபின் 770. பிடிப்பு விட்டதும் 220 கிலோ உபரி. கயிறு 990 கிலோவில் 500 மிமீ நீண்டிருக்கிறது என்று வைத்தால் பாரம் சுமார் 220 மிமீ முன்னால் துள்ளும். புல் லிஃப்ட் சங்கிலியும் ஒயர் ரோப் சிலிங்குமாகச் சேர்ந்து 5 மிமீதான் நீள்கிறது என்றால் துள்ளல் 2 மிமீ சொச்சம். எடை, தரை, மெஷின் எல்லாம் அதேதான். மாறியது இழுக்கிற பொருள் மட்டும். பாரத்துக்கும் ஆங்கருக்கும் (புல் லிஃப்டின் மறுமுனையை மாட்டிய இடம்) நடுவில், கயிற்றின் நேர்கோட்டில், யாரும் நிற்கக்கூடாது.

ரொம்ப நாள் அசையாமல் நின்ற பொருளுக்கு ஓய்வுநிலை உராய்வு கூடும் என்பதைக் கூலோம் 18-ஆம் நூற்றாண்டிலேயே அளந்து பார்த்தார். பழைய லேத்துக்கு இந்த 220 இன்னும் பெரிதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

#15 பட்டறைவாசி

புரிஞ்சுதுங்க. அப்போ கால் அடிப்பரப்பு சின்னதா இருக்கறதால உராய்வு குறையும்னு சொல்றது?

#16 நியூட்டன்மீட்டர்

குறையாது. பரப்பு கணக்கிலேயே வராது, அழுத்தும் எடைதான் வரும். ஆனால் சின்னக் காலின் முனை சிமென்ட்டைக் கீறி உள்ளே இறங்கினால் அது உழுகிற வேலை, விசை எகிறும். லெவலிங் பேட் (காலுக்கு அடியில் மட்டம் சரிசெய்யும் தாங்கி) ரப்பராக இருந்தால் கழற்றிவிடுங்கள், ரப்பர் 0.7-க்குக் குறையாமல் பிடிக்கும்.

எங்கே கட்டி இழுக்கிறீர்கள் என்பது இதைவிட முக்கியம். நீளவாட்டில் இழுத்தால் கவலை இல்லை. பக்கவாட்டில் இழுக்கும்போது கயிறு கட்டும் உயரம் = பாதி அகலம் ÷ குணகம் = 250 ÷ 0.45 = 555 மிமீ. அதற்கு மேல் கட்டினால் நகராது, கவிழும். எடை மையம் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கும், அதனால் 300-ஐத் தாண்ட வேண்டாம். சேனலிலேயே கட்டினால் இந்தக் கேள்வியே எழாது.

#17 ரிக்கிங் அண்ணாச்சி

திருப்பத்துக்கு: முன்னால போடுற பைப்புகளை விசிறி மாதிரி விரிச்சு வைங்க, உள்பக்க முனை நெருக்கமா, வெளிப்பக்க முனை அகலமா. பாரம் தானா வளையும். நேரா போகாம இழுத்துச்சுன்னா நீட்டிக்கிட்டு இருக்குற முனையைச் சுத்தியலால தட்டுங்க. கையால பிடிச்சோ காலால உதைச்சோ பைப்பை நகர்த்தக்கூடாது. விரல் போனா போனதுதான். திருவாரூர் தேர் திரும்பறதும் முட்டுக்கட்டை போடுறதுலதான் இருக்கு, வடம் பிடிக்கறதுல இல்ல.

தரையில 14 மீட்டரும் புல் லிஃப்ட்ல இழுக்க நினைக்காதீங்க. சங்கிலி 1.5 மீட்டர்தான் வரும், பத்து தடவை மாட்டிக் கழட்டணும். கிளப்பறதுக்கும் திருப்பத்துக்கும் மட்டும் வெச்சுக்குங்க. மத்தபடி மூணு பேர் பின்னாலிருந்து தள்ளினா போதும், நாலாவது ஆள் பைப்புக்கு.

இனி சாய்தளம். அங்கே ரோலரை எடுத்துருங்க.

#18 ஸ்கேட்_வாடகை

எடுக்கறதா? இறக்கத்துல ரோலர்ல விட்டா தானா போகுமே. பின்னால புல் லிஃப்ட் போட்டு மெதுவா விட வேண்டியதுதானே. எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க.

#19 ரிக்கிங் அண்ணாச்சி

தானா போகும்கறதுதான் பயமே. சங்கிலி 1.5 மீட்டர், சாய்தளம் 5 மீட்டர். நடுவுல மூணு தடவை பாரத்தைக் கட்டையில நிறுத்திட்டு புல் லிஃப்டை மாத்தணும். அந்த மூணு நிமிஷமும் 2.2 டன் ஒரு மரக்கட்டையை நம்பி பைப் மேல நிக்குது.

#20 நியூட்டன்மீட்டர்

600 ÷ 5000 = 0.12. எடையின் சரிவுக்கூறு 2260 × 0.12 = 271 கிலோ. ரோலர் உராய்வு 68. மீதி 203 கிலோ எப்போதும் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். சங்கிலி விட்டால் நிறுத்த ஒன்றும் இல்லை.

ரோலரை எடுத்துவிட்டுக் காய்ந்த மரப்பலகை மேல் சேனலை உட்கார வைத்தால் குணகம் சுமார் 0.35. உராய்வு 785 கிலோ, சரிவு கொடுப்பது 271. பாரம் தானாக நகராது. கீழேயிருந்து 514 கிலோ கொடுத்து இழுத்தால்தான் வரும், இழுப்பதை நிறுத்தினால் அங்கேயே நிற்கும். உங்கள் 1.5 டன் புல் லிஃப்டில் மூன்றில் ஒரு பங்குதான். சங்கிலி அறுந்தாலும் லேத் இருந்த இடத்தில் இருக்கும்.

பலகை நனைந்து வழுக்கலாகி 0.2-க்கு இறங்கினாலும் 0.12-க்கு மேலேதான். ஆனால் யாராவது "சிரமமா இருக்கு" என்று இரும்புத் தகடு போட்டு கிரீஸ் தடவினால் குணகம் 0.1 பக்கம் வரும். 0.12-ஐ விடக் குறைவு. அந்த நொடியே ஓடும். கிரீஸைச் சாய்தளத்தின் பக்கமே கொண்டுவராதீர்கள்.

#21 ஸ்கேட்_வாடகை

கணக்கு சரி. கீழே ஆங்கர் எங்கே? ரோட்டுல தூண் இல்லையே. ஹைட்ராவை வெச்சே இழுத்துட்டா?

#22 ரிக்கிங் அண்ணாச்சி

ஹைட்ராவை ஓட்டி இழுக்காதீங்க. 500 கிலோவா 3000 கிலோவான்னு டிரைவருக்குத் தெரியாது, எஞ்சினுக்கு ரெண்டும் ஒண்ணுதான். வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக், நாலு சக்கரத்துக்கும் கட்டை, சேசிஸ் கொக்கியில புல் லிஃப்ட். பத்து டன்னுக்கு மேல இருக்குற வண்டிக்கு 500 கிலோ ஒண்ணும் இல்ல. புல் லிஃப்ட் கைப்பிடிதான் உங்க தராசு. ஒரே சீரா வந்துக்கிட்டு இருந்தது திடீர்னு கனத்தா நிறுத்திட்டு எங்க முட்டுதுன்னு பாருங்க. கைப்பிடிக்கு பைப் மாட்டி நீட்டறவங்களை வேலையை விட்டே அனுப்பிருங்க.

உள்ளே ஆங்கர் வேணும்னா ஆர்சிசி தூண், அதுவும் அடியில, பெல்ட் சிலிங் போட்டு, மூலைக்கு சாக்கு வெச்சு. செங்கல் தூண், கேட் ஃப்ரேம், ஷெட் ட்ரஸ் எதுவும் ஆங்கர் கிடையாது.

#23 கியர்பாக்ஸ்

ரெண்டு சேனல்லயும் ஷாக்கிள் மாட்டி ஒய் மாதிரி சிலிங் போடுவீங்கல்ல, அந்த ரெண்டு காலுக்கும் நடுவுல கோணம் 60 டிகிரிக்குள்ள இருக்கட்டும். 60-ல ஒவ்வொரு காலுக்கும் இழுவிசையில 58 சதவீதம். 120 ஆனா ரெண்டுலயும் முழு இழுவிசை. அதோட சேனலையும் உள்பக்கமா நெருக்கும், வெல்ட் பிரியும்.

#24 பட்டறைவாசி

அப்போ வரிசை இப்படி: சக், டேங்க் கழட்டி, கேரேஜை ஓட்டி லாக். கடப்பாரையில மூலை மூலையாப் பிரிச்சு, சேனல் சட்டம், 16 மிமீ போல்ட். சி கிளாஸ் பைப் எட்டு. ஜாயின்ட்ல சரிவு வெட்டின தகடு. வாசல்ல பைப்பை எடுத்துட்டு மரப்பலகை மேல இறக்கி, ஹைட்ராவை நிறுத்தி வெச்சு புல் லிஃப்ட்ல இழுக்கறது. பலகை என்ன தடிமன்?

#25 ரிக்கிங் அண்ணாச்சி

50 மிமீ, சேனலுக்கு அடியில ரெண்டு வரிசை. பலகை மேல் முனையை சாய்தளத்தோட தலையில ஆங்கர் போல்ட் அடிச்சுப் பிடிச்சுருங்க. இல்லேன்னா சேனல் பலகை மேல சறுக்காது, பலகையே சிமென்ட் மேல சறுக்கும். அடுத்து, வாசல் விளிம்புல பாரம் தளத்திலிருந்து சாய்தளத்துக்கு மடங்குற இடம். அங்கே சேனல் நடுவுல மட்டும் முட்டி, மூக்கு அந்தரத்துல நிக்கும். பாதி தாண்டினதும் தொப்புன்னு விழும். மூக்கு போய் உட்காருற இடத்துல கட்டை அடுக்கி வெச்சு, ஆப்பை ஒவ்வொண்ணா உருவி இறக்குங்க. கேரேஜ் லாக்கை அந்த இடத்துல இன்னொரு தடவை பாருங்க.

#26 கியர்பாக்ஸ்

டெயில்ஸ்டாக் முன்னால வர்ற மாதிரி இறக்கினா கேரேஜும் அந்தக் கோடியிலதான் இருக்கும், சரிவுல ஓட இடமில்லை. ஹெட்ஸ்டாக் முன்னாலன்னா லாக்கோட சேர்த்து பெட் வழியா ஒரு கட்டை கிளாம்ப் பண்ணிருங்க.

#27 பட்டறைவாசி

டெயில்ஸ்டாக் முன்னாலதான் வரும். சேனலுக்குச் சொல்லிட்டேன், முனை வளைக்கறதையும் சேர்த்து.